உப்பு தங்கும், மருந்து பறக்கும்

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில், மன்னார் வளைகுடாவை ஒட்டி உள்ள கிராமம் மாரியூர். பூவேந்தியநாதர் கோவிலும் உப்பளங்களும் இந்த ஊருக்கு அடையாளம். 1974ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் மாரியூர், வாலிநோக்கம் கடலோரத்தில்தான் இருக்கிறது. கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் பனங்காடு. அதை அடுத்து மானாவாரி நெல், மிளகாய், பருத்தி.

உப்புப் பாத்தியில் வேலை செய்பவர்களுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. பாத்தியில் கட்டிய கடல் நீர் வெயிலில் ஆவியாகி மேலே போகும். உப்பு மட்டும் அடியில் தங்கும். தண்ணீர் போய்விட்டதே என்று உப்பும் கூடப் போவதில்லை.

வயலில் தெளிக்கும் பூச்சி மருந்தையும் விவசாயிகள் இதே போலத்தான் நினைக்கிறார்கள். தண்ணீர் வற்றினால் மருந்து மண்ணில் தங்கும். மழை பெய்தால் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்கோ கடலுக்கோ போகும் என்பது பொதுவான எண்ணம். பக்கத்து வயலில் மருந்து அடித்தாலும் வரப்பு உயரமாக இருந்தால் போதும், நம் பக்கம் வராது என்று இருந்து விடுகிறார்கள்.

பல பூச்சி மருந்துகளின் குணம் உப்பின் குணத்துக்கு நேர் எதிரானது. அவை தண்ணீரில் தங்க விரும்பாதவை. வெயில் ஏறியதும் தண்ணீரை விட்டுக் கிளம்பிக் காற்றில் கலந்து விடும். காற்று கொண்டு போய் விட்ட இடத்தில் மறுபடியும் தண்ணீரில் இறங்கும். வரப்பு இதைத் தடுக்காது.

பரங்கிப்பேட்டையில் கண்டது

இதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். மாரியூருக்கு வடக்கே, இதே கிழக்குக் கடற்கரையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் உள்ளது பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் இந்த மையத்தின் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, வெள்ளாற்றுப் பகுதியின் காற்று, ஆற்று நீர், சேறு, வயல் மண் ஆகியவற்றில் பூச்சி மருந்து எவ்வளவு உள்ளது என்று ஆராய்ந்தார்கள்.

அவர்கள் முக்கியமாகத் தேடியது பி.எச்.சி. மருந்தை. வயதில் மூத்த விவசாயிகளுக்கு இந்தத் தூள் நன்றாக நினைவிருக்கும். நெல் வயலில் எக்டேருக்கு 25 கிலோ வீதம் பத்து சதவீதத் தூளைத் துணியில் முடிந்து உதறிய காலம் அது. இந்தியாவில் இதன் உற்பத்தி 1952ல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் தொடங்கியது. விலை மலிவு என்பதால் நாட்டில் மிக அதிகமாக விற்ற பூச்சிக்கொல்லியாகப் பல ஆண்டுகள் இருந்தது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பி.எச்.சி. என்பது ஒரே பொருள் அல்ல. பல வகைகளின் கலவை. அவற்றில் பூச்சியைக் கொல்வது காமா என்ற ஒரு வகை மட்டுமே. கலவையில் அது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்குதான். மற்றவை பூச்சியைக் கொல்ல அதிகம் உதவாமல், நிலத்தையும் நீரையும் கெடுக்க மட்டும் வந்தவை.

ஆய்வின் முடிவு எதிர்பாராததாக இருந்தது. இவ்வளவு மருந்து கொட்டிய பகுதியில் ஆற்றுச் சேற்றிலும் மீனிலும் அது குவிந்து கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்த அளவுக்கு அங்கே இல்லை. வயலில் போட்ட பி.எச்.சி.யில் ஆற்றின் வழியாகக் கடலுக்குப் போனது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. நூற்றில் 99 பங்குக்கும் மேல் காற்றில் போய்விட்டது என்று 1991ல் வெளியான அவர்களது கணக்கு சொல்கிறது. நெற்பயிர்க் காலத்தில் அந்தப் பகுதியின் காற்றில் மருந்தின் அளவு கூடியதையும் அவர்கள் கண்டார்கள்.

காசு கொடுத்து வாங்கி, முதுகு வலிக்க வயலில் போட்ட மருந்து, பயிரிலும் நிற்கவில்லை, மண்ணிலும் தங்கவில்லை. அந்தப் பணம் காற்றோடு போயிற்று. போனது அப்படியே ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை.

தண்ணீரை விட்டு ஏன் கிளம்புகிறது?

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உருகி வழியாமல், நனையாமல், நாளுக்கு நாள் சிறுத்து ஒரு நாள் காணாமல் போகும். பெட்டியைத் திறந்தால் வாசனை மட்டும் இருக்கும். திடப் பொருளாக இருந்தது ஆவியாகிக் காற்றில் கலந்து விட்டது. பி.எச்.சி. போன்ற மருந்துகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பாச்சை உருண்டையை விட மெதுவாக ஆவியாகும் என்பதுதான் வேறுபாடு.

உப்பு தண்ணீரோடு நன்றாகக் கலந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அதைப் பிரித்து மேலே தூக்க வெயிலால் முடியாது. இந்த மருந்துகளோ எண்ணெய் குணம் உடையவை. தண்ணீரில் மிகக் கொஞ்சமே கரையும். கரைந்ததும் எப்போது வெளியேறலாம் என்று நிற்கும். வயலில் நாலு விரல் தண்ணீர் நின்று, மேலே சித்திரை வெயிலும் காற்றும் இருந்தால் வெளியேற்றம் வேகமாக நடக்கும்.

கோலி சோடாவைப் பார்த்தால் இது இன்னும் எளிதில் விளங்கும். கோலி மூடி இருக்கும் வரை உள்ளே காற்றழுத்தம் அதிகம். வாயு தண்ணீரில் அடங்கிக் கிடக்கிறது. கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைகிறது; வாயு நுரைத்துக் கொண்டு வெளியே வருகிறது. சோடா சூடாக இருந்தால் நுரை இன்னும் அதிகம். தண்ணீருக்கு மேலே உள்ள காற்றில் ஒரு வாயு எவ்வளவு இருக்கிறதோ, அதற்குத் தக்க அளவே அது தண்ணீரில் கரைந்து நிற்கும் என்று 1803ல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி கண்டு சொன்னார். பூச்சி மருந்தின் ஆவிக்கும் அதே விதி பொருந்தும்.

வாய்க்காலால் இணைந்த இரண்டு கண்மாய்கள் என்று இதை வைத்துக் கொள்ளலாம். மேல் கண்மாயில் மட்டம் கூடினால் கீழ்க் கண்மாய்க்கு நீர் ஓடும். மட்டம் சரியானதும் ஓட்டம் நிற்கும். காற்றும் தண்ணீரும் இப்படி இணைந்தவை. வயல் நீரில் மருந்து அதிகம், மேலே வீசும் காற்றில் குறைவு என்றால் மருந்து மேலே போகும். அந்தக் காற்று மருந்து கலக்காத ஊருணியின் மேல் வந்து நின்றால், மருந்து காற்றிலிருந்து ஊருணிக்குள் இறங்கும். இதற்கு மழை கூடத் தேவையில்லை. காற்றும் நீரும் தொட்டுக்கொண்டால் போதும்.

மழை வந்தால் இறக்கம் இன்னும் கூடும். காற்றில் உள்ள ஆவியையும், புழுதியில் ஒட்டிய மருந்தையும் மழைத்துளி கழுவிக் கொண்டு வருகிறது. பல மாத வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில்தான் இந்த அழுக்கு அதிகம். ராமநாதபுரம் சீமையில் ஐப்பசி மழையை நம்பித்தான் கண்மாயும் ஊருணியும் நிறைகின்றன. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பின்பும் ஊருணித் தண்ணீரைக் கைவிடாத கிராமங்கள் உண்டு. அந்தத் தண்ணீருக்கு மேலே உள்ள காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான் முக்கியம்.

கண்ணால் பார்க்கும் சாட்சி

ஆவியாகப் போகும் மருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் நம்புவது கடினம். பருத்தி விவசாயிகளுக்கு ஒரு சாட்சி தெரியும். களையைக் கொல்ல 2,4-டி மருந்தைப் பக்கத்துப் புன்செயில் தெளித்தால், தெளிக்காத பருத்தியின் இலைகள் சுருங்கி விரல் விரலாக நீண்டு விடும். தெளிப்பானின் சாரல் காற்றில் வந்தாலும் இது நடக்கும். சாரல் வராவிட்டாலும், எஸ்டர் வகையைச் சேர்ந்த 2,4-டி ஆவியாகி வந்தே பருத்தியைக் கெடுக்கும். பருத்திச் செடி காட்டிக் கொடுத்து விடுகிறது. ஊருணித் தண்ணீர் காட்டிக் கொடுக்காது.

இது பூச்சி மருந்துக்கு மட்டும் உள்ள குணமும் அல்ல. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டது. அங்கே கையாண்ட பாதரசம் ஆவியாகிக் காற்றில் பரவியது. மரங்களில் ஒட்டி வளரும் பாசியிலும், கொடைக்கானல் ஏரியின் நீரிலும், மீனிலும் பாதரசம் இருப்பதைப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது. கையில் எடுத்தால் ஈயம் போலக் கனக்கும் உலோகமே காற்றேறிப் போகும்போது, லேசான மருந்துத் தூள் எம்மாத்திரம்?

எங்கே போய்ச் சேருகிறது?

சூடான இடத்தில் ஆவியாவது குளிர்ந்த இடத்தில் படியும். அடுப்பில் கொதிக்கும் உலையின் ஆவி மூடியில் படிந்து சொட்டுவதைப் போன்றதுதான் இது. வெப்ப நாடுகளின் வயல்களில் கிளம்பிய பி.எச்.சி. காற்றோடு வடக்கே போய், பூச்சி மருந்தே அடிக்காத வடதுருவக் கடலில் படிந்தது. அங்கே குளிர் அதிகம் என்பதால் தண்ணீர் அதைப் பிடித்து வைத்துக் கொண்டது.

பிறகு ஒரு திருப்பம் நேர்ந்தது. சீனா 1983ல் இந்த மருந்தை நிறுத்தியது. மற்ற நாடுகளும் ஒன்றன் பின் ஒன்றாகக் குறைத்தன. காற்றில் மருந்து குறைந்தது. 1990களின் தொடக்கத்தில் வடதுருவத்தை ஒட்டிய கடல்களில் அளந்து பார்த்தபோது, அதுவரை காற்றிலிருந்து வாங்கிய கடல் இப்போது காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துக் கொண்டிருந்தது. மேல் கண்மாய் வற்றியதும் கீழ்க் கண்மாயின் தண்ணீர் எதிர்த்து ஓடியது போல ஆயிற்று. மனிதன் போடுவதை நிறுத்திய பின்பும், இயற்கை பழைய கணக்கைத் தீர்க்கப் பல ஆண்டுகள் எடுத்துக் கொள்கிறது.

நம் பக்கத்துக் கடலும் தப்பவில்லை. வங்கக் கடலில் பரங்கிப்பேட்டைப் பகுதியில் கிடைத்த ஓங்கில்களை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, அவற்றின் கொழுப்பில் டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் இருந்தன. எண்ணெய் குணம் உள்ள இந்த மருந்துகளுக்குத் தண்ணீர் பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். நீரில் மிகக் குறைவாக இருந்தாலும் பாசி, சிறு மீன், பெரிய மீன் என்று ஏற ஏறச் சேர்ந்து கொண்டே போகும். மாட்டுத் தீவனத்தில் படிந்தால் பாலில் வரும். தாய்ப்பாலிலும் வரும். காற்றில் பறந்தது கடைசியில் குழந்தையின் வாயில் இறங்குகிறது.

மாரியூரை ஒட்டிய மன்னார் வளைகுடா 21 தீவுகளைக் கொண்டது. 1986ல் கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்தக் கடலை நம்பி வலை வீசுபவரும், அதன் கரையில் ஏர் பிடிப்பவரும் பல வீடுகளில் அண்ணன் தம்பிகளே. வயலில் எடுக்கும் முடிவு கடலுக்குப் போகிறவரையும் தொடும்.

தடை வந்தது, பாடம் மாறவில்லை

டி.டி.டி.யை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989ல் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. பி.எச்.சி. 1997 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டது. காமா வகையை மட்டும் பிரித்து விற்ற லிண்டேன் மருந்தின் பயன்பாடு 2013ல் முடிவுக்கு வந்தது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை விதித்தது. எளிதில் அழியாமல் காற்றிலும் நீரிலும் நெடுந்தூரம் பயணம் செய்யும் நஞ்சுகளை ஒழிக்க 2001ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 2006ல் அதை ஏற்றது. இன்றும் பல விவசாயிகள் அறிந்த குளோர்பைரிபாஸ் மருந்தையும் 2025ல் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது கடையில் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை பி.எச்.சி. போல ஆண்டுக்கணக்கில் அழியாமல் இருப்பவை அல்ல. ஆனால் தெளித்த சில நாட்களில் ஆவியாகவும் சாரலாகவும் காற்றில் போகும் குணம் பலவற்றுக்கு உண்டு. விலையோ பழைய தூளைப் போல மலிவு அல்ல. ஆகவே மருந்து பறக்காமல் பார்த்துக் கொள்வது ஊருணிக்கும் நல்லது. மடியில் உள்ள பணத்துக்கும் நல்லது.

விவசாயிகள் செய்யக் கூடியவை

முதலாவது, பூச்சியை எண்ணிப் பார்த்து மருந்து அடிக்க வேண்டும். நெல்லில் குருத்துப் பூச்சியால் பத்து சதவீதத் தூர்களில் நடுக்குருத்து காய்ந்தால்தான் மருந்து தேவை. இலை சுருட்டுப் புழு வளர்ச்சிப் பருவத்தில் பத்து சதவீத இலைகளைத் தாக்கும் வரை பொறுக்கலாம். புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவைத் தாண்ட வேண்டும். வயலில் சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை விடலாம். அதற்குக் குறைவாக இருக்கும்போது அடிக்கும் மருந்து வீண் செலவு. நன்மை செய்யும் சிலந்தியும் அதில் சாகும்.

இரண்டாவது, நேரம். கடலோரத்தில் வெயில் ஏறியதும் கடல் காற்று நிலத்தை நோக்கி வீசத் தொடங்கும். அதற்கு முன், காலையிலேயே தெளிப்பை முடித்து விட வேண்டும். முடியாவிட்டால் வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய பின் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் மருந்து இலையில் படிவதற்கு முன்பே ஒரு பகுதி காற்றுக்குப் போய்விடும். தெளிப்பவரின் மூச்சிலும் ஏறும்.

மூன்றாவது, காற்றின் திசை. ஊருணி, கிணறு, மாட்டுத் தொழுவம், வீடு இவற்றை நோக்கிக் காற்று வீசும்போது தெளிக்கக் கூடாது. ஊருணியை ஒட்டிய வயலில் கரையோரமாகச் சில பாத்திகளை மருந்து படாமல் விட்டு விடுவது நல்லது. ஊருணிக் கரையில் பனையும் வேம்பும் நெருக்கமாக நின்றால் சாரலையும் புழுதியையும் ஓரளவு தடுக்கும். பழைய ஊருணிகளின் கரையில் மரம் நிற்பது அழகுக்காக மட்டும் இல்லை.

நான்காவது, தண்ணீர். மருந்து அடிக்கும் முன் வயலில் நிற்கும் நீரை அளவாகக் குறைத்துக் கொள்ள வேண்டும். அடித்த பின் சில நாட்களுக்கு மடையைத் திறந்து கண்மாய்க்கோ வாய்க்காலுக்கோ வடிக்கக் கூடாது. மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பைத் தள்ளிப் போட வேண்டும். தெளிப்பானையும் காலி டப்பாவையும் ஊருணியில் கழுவுவது, காற்று கொண்டு வருவதை நாமே கையால் கொண்டு போய்க் கொட்டுவதற்குச் சமம்.

ஐந்தாவது, பறந்தாலும் நீண்ட நாள் கெடுதல் செய்யாத மருந்து. நம் ஊரில் வேப்பங்கொட்டைக்குப் பஞ்சம் இல்லை. ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் வடிகட்டி 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் ஐந்து சதவீதக் கரைசல் ஆகும். இது சில நாட்களில் வெயிலில் சிதைந்து விடும். மாலையில் தெளிப்பது சிறந்தது. இதனோடு விளக்குப் பொறியும், பறவைகள் வந்து அமரக் குச்சி நடுவதும் உதவும்.

வீட்டுக் கூரையில் விழும் மழை நீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டு விட்டு, பிறகு பிடிக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; மருந்து முழுவதும் போய்விடும் என்று நம்பி இருக்கக் கூடாது.

ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023ல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் மிளகாயில் மருந்து எச்சம் எவ்வளவு என்று சோதித்த பின்பே வாங்குகிறார்கள். ஒருவர் மருந்தைக் குறைத்து, பக்கத்து வயல்காரர் காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் பலன் இருவருக்கும் குறையும். ஆகவே ஒரு கண்மாய்ப் பாசனத்தில் உள்ள விவசாயிகள் கூடிப் பேசி, எந்த நாளில், எந்த நேரத்தில் தெளிப்பது என்று முடிவு செய்து கொள்வது நல்லது. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்ளத் தெரிந்த மக்களுக்கு இது புதிய பழக்கம் ஆகாது. வரப்பு நிலத்தைப் பிரிக்கிறது. காற்றும் மழையும் எல்லோருக்கும் பொது.